மதுரையில பர்மா அத்தோ வண்டி போடப் போறேன்: ஒருதடவை சாப்பிட்டவங்க மறுபடி வர்றதுக்கு எது காரணம்?

வில்லாபுரம் பேரன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க தாத்தாவும் அப்பத்தாவும் 1964-ல ரங்கூன்ல இருந்து கப்பல்ல வந்தவங்க. பர்மாவுல நே வின்னோட ராணுவ ஆட்சியில கடை கண்ணியெல்லாம் அரசுடைமையானப்போ கட்டின துணியோட திரும்பின குடும்பங்கள்ல எங்களுதும் ஒண்ணு. தாத்தா இப்ப இல்லை. அப்பத்தா இருக்காங்க. இன்னைக்கும் அவங்க பிசைஞ்சாத்தான் எங்க வீட்ல அத்தோவுக்கு ருசி.

சென்னையில பர்மா பஜார் பக்கம் சாயங்காலம் போனா அத்தோக் கடைகள்ல கூட்டம் நிக்கும். மதுரையில அந்த மாதிரி ஒண்ணு நடத்தணும்னு ரொம்ப நாள் ஆசை. பழைய குட்டி யானை சரக்கு வண்டி ஒண்ணு வாங்கி பாடி கட்டக் குடுத்திருக்கேன். அண்ணா நகர் 80 அடி ரோடு, இல்லேன்னா தெப்பக்குளம் பக்கம் நிறுத்தலாம்னு யோசனை.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அவிச்ச மஞ்சள் நூடுல்ஸ், மெல்லிசா அரிஞ்ச பச்சை முட்டைக்கோஸ், மொறுமொறுன்னு பொரிச்ச வெங்காயம், பூண்டு எண்ணெய், வறுத்த கடலைமாவு, மிளகாய்த்தூள், புளித்தண்ணி, எலுமிச்சை, மல்லித்தழை எல்லாத்தையும் கையால பிசைஞ்சு, மேல பேஜோங்கிற தட்டை மாதிரிப் பொரிப்பை நொறுக்கிப் போட்டா அத்தோ. கூட வாழைத்தண்டு சூப்பு. அதே சூப்பை நூடுல்ஸ் மேல ஊத்திக் குடுத்தா மொய்ங்கா. அவிச்ச முட்டையைக் கீறி உள்ள பொரிச்ச வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய் அடைச்சும் தருவோம்.

வீட்ல செஞ்சு எங்க தெருக்காரங்களுக்குக் குடுத்துப் பார்த்தேன். சிலருக்கு ரொம்பப் பிடிச்சது. சிலர் "ஆறிப்போயிருக்கே"ன்னாங்க. ஒரு அண்ணன் "கையிலயா பிசைவீங்க?"ன்னு கேட்டுட்டு தட்டை அப்படியே வெச்சுட்டார். அத்தோ சூடாத் தர்ற பண்டமே இல்லை. கையால பிசையாட்டி அது அத்தோவும் இல்லை. அதனால குழப்பமா இருக்கு. நம்ம ஊருக்குத் தகுந்தாப்ல ருசியை மாத்தணுமா? இல்லை, வேற எதையாவது கவனிக்கணுமா? வண்டி நடத்துறவங்களும் வண்டியில வாங்கிச் சாப்பிடுறவங்களும் உள்ளதைச் சொல்லுங்க.

நரிமேடு நித்யா:

நான் வாங்கிச் சாப்பிடுற ஆள். ஆபீஸ் விட்டு வந்து, பொண்ணை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வர்ற வழியில வாரத்துல ஒருநாளாவது வெளிய சாப்பிடுவோம். புது வண்டியைப் பார்த்தா நான் ருசியைப் பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி வேற நாலு விஷயத்தைப் பார்க்கிறேன். வெளிச்சம் இருக்கா? பொம்பளைங்க யாராவது நின்னு சாப்பிடுறாங்களா? விலை எழுதியிருக்கா? எச்சித் தட்டு போடுற டிரம் நிறைஞ்சு வழியாம இருக்கா? இதெல்லாம் சரியா இருந்தாத்தான் ஸ்கூட்டியை நிறுத்துவேன்.

ஒரு வடகிழக்கு மோமோ வண்டியில "உள்ள என்ன வெச்சிருக்கீங்க, எண்ணெய் என்ன எண்ணெய்?"ன்னு கேட்டேன். "சாப்பிட்டுப் பாருங்க, தெரியும்"னு சொன்னார். அவர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார், ஆனா என் பொண்ணுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது. தெரியாத சாப்பாட்டை நம்பி எப்படிக் குடுக்கிறது? அன்னைக்கு வாங்காமலேயே வந்துட்டேன். ருசி எப்படி இருந்திருக்கும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

உங்க அத்தோவுல என்னென்ன சேருதுன்னு இங்க எழுதினீங்க பாருங்க, அதை அப்படியே வண்டியிலயும் எழுதி வையுங்க.

சம்பல் வண்டி அக்கா:

தம்பி, நித்யா சொன்னதை ரெண்டுதடவை படிங்க. நீங்க கேட்ட கேள்விக்குப் பாதி பதில் அதுலயே இருக்கு. மீதியை நான் சொல்றேன்.

நானும் எங்க வீட்டுக்காரரும் கே.கே. நகர் பக்கம் இலங்கைச் சாப்பாட்டு வண்டி நடத்துறோம். எங்க மாமியார் இலங்கை நுவரெலியாவுல தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்ல பொறந்தவங்க. உங்க அப்பத்தா கப்பலேறின அதே 1964-லதான் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் தோட்டத் தமிழர்களை ரெண்டு நாட்டுக்கும் பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுக்குன்னு ஒதுக்கின 5,25,000 பேர்ல மாமியார் குடும்பமும் அடக்கம். வந்து சேர்ந்தது எழுபதுகள்ல. வண்டியில தேங்காய் ரொட்டி, கட்டச்சம்பல்ங்கிற இடிச்ச மிளகாய்த் துவையல், இடியாப்பம், சொதிங்கிற தேங்காய்ப் பால் குழம்பு, கொத்து ரொட்டி போடுறோம். அதனால உங்க சங்கடம் எனக்குத் தெரியும்.

தோசை வண்டி முன்னாடி நிக்கிறவருக்குப் பசி மட்டும்தான் இருக்கும். நம்ம மாதிரி வண்டி முன்னாடி நிக்கிறவருக்குப் பசியோட தயக்கமும் இருக்கும். இது என்ன, எதுல செஞ்சது, எப்படிச் சாப்பிடுறது, பிடிக்காட்டிக் காசு போயிருமே, கேட்டா நம்மளைப் பட்டிக்காடுன்னு நினைப்பாங்களோன்னு அத்தனையும் மனசுக்குள்ள ஓடும். வாய்விட்டுக் கேட்க மாட்டார். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துட்டு எதிர்த்த பரோட்டாக் கடைக்கு நடந்துருவார். நம்ம வேலை அந்தத் தயக்கத்தை எடுக்கிறது. ருசியில கை வைக்க அவசியமே இல்லை, ஏன்னா அவர் இன்னும் ருசி வரைக்கும் வரவே இல்லை.

எங்க கொத்து ரொட்டியை எடுத்துக்கங்க. மதுரைக்காரங்களுக்குக் கொத்து பரோட்டான்னா சால்னா ஊத்தி, முட்டை உடைச்சு, கல்லுல குழையக் குழையக் கொத்தினது. ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டாலே நாக்கு ஊறும். எங்களுது வேற. ரொட்டியை நீளநீளமா நறுக்கி, கேரட், லீக்ஸ், முட்டைக்கோஸ் போட்டு உதிரியாக் கொத்துவோம். குழம்பைத் தனியாத்தான் குடுப்போம். வாங்கினவங்க பலபேர் "என்னக்கா, சால்னா ஊத்த மறந்துட்டீங்களா, வறவறன்னு இருக்கு"ன்னு கேட்டாங்க. அதே ஆளுங்க சொதி ஊத்தின இடியாப்பத்தை ஒரு குறையும் சொல்லாமச் சாப்பிட்டாங்க. சொதியை ஒப்பிட அவங்ககிட்ட வேற எதுவும் இல்லை. கொத்துக்கு இருக்கு. அதனால இப்பக் காசு வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிருவோம்: "இது நம்ம ஊர்க் கொத்து மாதிரிக் குழைவா இருக்காது, உதிரியா இருக்கும், குழம்பைக் கொஞ்சங்கொஞ்சமா ஊத்திக்கங்க." சமையல்ல எதையுமே மாத்தலை. வறவறங்கிற பேச்சு நின்னுபோச்சு.

உங்களுக்கும் இதுதான் நடக்கும். நூடுல்ஸைப் பார்த்ததும் ஃபிரைடு ரைஸ் வண்டி நூடுல்ஸ்தான் ஞாபகம் வரும். ஆவி பறக்கும், சோயா சாஸ் வாசம் வரும்னு எதிர்பார்த்து நிக்கிறவர்கிட்ட ஆறின நூடுல்ஸைக் குடுத்தா, அவருக்கு அது கெட்டுப்போனதாத்தான் தெரியும். அதனால முதல்லயே சொல்லிருங்க: "அத்தோ பிசைஞ்சு தர்றது, சூடா இருக்காது, புளிப்பும் உறைப்பும் தூக்கலா இருக்கும். சூடு சூப்புல இருக்கு." சொல்லிக்கிட்டே சூப்பைக் கையில குடுத்துருங்க. தட்டோட சேர்த்துக் குடுக்காதீங்க, அதுக்கு முன்னாடியே குடுங்க. சுடச்சுட ஒரு வாய் உள்ள போனதும் உடம்பு இளகிரும். நீங்க பிசையுற நேரமும் அவருக்கு நீளமாத் தெரியாது. ரெண்டாந்தரம் சூப்பு கேட்டா முகம் சுளிக்காம ஊத்துங்க. வாழைத்தண்டு நம்ம ஊர்ல கிடைக்காத பொருளா?

காத்திருக்கிறதைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா வண்டிக்காரங்க பலபேர் இதைக் கண்டுக்கிறதே இல்லை. கூட்டம் இருந்தா ஜனங்க பொறுத்துக்குவாங்க. நமக்கு முன்னாடி எத்தனை பேர்னு தெரியாம நிக்கிறதைத்தான் பொறுக்க மாட்டாங்க. அதைவிட மோசம், நமக்குப் பின்னாடி வந்தவருக்கு முதல்ல குடுக்கிறது. பழகின வாடிக்கையாளர் பைக்கை நிறுத்தி "அக்கா, வழக்கம்போல"ன்னு குரல் குடுப்பார். கை தன்னால அவர் தட்டுக்குத்தான் போகப் பார்க்கும். அந்த இடத்துல முதல்தடவை வந்தவர் ஒருத்தர் ஓரமா நின்னு பார்த்துக்கிட்டு இருப்பார். ஏற்கெனவே தயங்கித் தயங்கி வந்த மனுஷன், "இது இவங்க ஆளுங்களுக்கான கடைபோல"ன்னு நினைச்சுட்டா அதோட போச்சு. மறுபடி வரமாட்டார். நாங்க சின்ன அட்டையில நம்பர் எழுதிக் கையில குடுக்கிறோம். பழகினவங்களும் வரிசையிலதான் நிப்பாங்க. காரணத்தைச் சொன்னா அவங்க கோவிச்சுக்கிறதில்லை.

அப்புறம் பாடி கட்டுறது. இதை இன்னைக்கே போய்ச் சொல்லுங்க, தகடு அடிச்சப்புறம் மாத்த முடியாது. குட்டி யானைத் தட்டு மேல நீங்க ஏறி நின்னா, கீழ நிக்கிறவர் உங்களை அண்ணாந்துதான் பார்க்கணும். கவுண்டரை வழக்கமான உயரத்துல வெச்சுட்டாங்கன்னா உள்ள நடக்கிறது எதுவும் தெரியாது. தட்டை எட்டி வாங்க வயசானவங்களுக்குத் தோள்பட்டை வலிக்கும், பிள்ளைங்க மேல சூப்பு கொட்டும். பிசையுற இடத்தைத் தாழ்வா, வெளிய இருந்து பார்த்தாத் தெரியுறாப்ல வைக்கச் சொல்லுங்க. பக்கவாட்டுல மடக்குற பலகை ஒண்ணு, இடுப்பு உயரத்துக்கு. நின்னு சாப்பிடுறவங்களுக்கு சூப்புக் கிண்ணம் வைக்க ஒரு இடம் வேணும் இல்லையா? ஒரு கையில தட்டு, ஒரு கையில கிண்ணம், தோள்ல பை, பக்கத்துல பிள்ளைன்னு நிக்கிற பொம்பளைக்கு உங்க அத்தோ எவ்வளவு ருசியா இருந்தாலும் அனுபவிக்க முடியாது. நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்க, அது போதும்.

மாமியாரைப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு முடிக்கிறேன். முடியுற நாள்ல எல்லாம் வண்டிக்குப் பக்கத்துல உக்காந்து அவங்களே கட்டச்சம்பல் இடிப்பாங்க. காஞ்ச மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, அந்த வாசம் ரோட்டுக்கு வரும். "எந்த ஊரும்மா?"ன்னு யாராவது கேட்பாங்க. ரெண்டு வரியில சொல்லுவாங்க. அவங்க உக்காந்திருக்கிற நாள்ல ரொட்டி விக்கிற மாதிரி மத்த நாள்ல விக்கிறதில்லை. பெரிய ஃபிளெக்ஸ் அடிச்சு கோபுரம், யானை, பர்மா புத்தர் கோயில்னு படம் போடுற காசுக்கு உங்க அப்பத்தாவுக்கு நல்ல நாற்காலி ஒண்ணு வாங்கிப் போடுங்க. அவங்க உடம்பு ஒத்துழைச்சா மட்டும்.

தல்லாகுளம் டு கலிஃபோர்னியா:

அக்கா எழுதினதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ்ல 2008-ல கோகின்னு ஒரு வண்டி வந்தது. கொரியன் இறைச்சியை மெக்சிகோக்காரங்களோட டார்ட்டியா ரொட்டியில வெச்சுக் குடுத்தாங்க. இன்னைக்கு எங்க நிக்கிறோம்னு ட்விட்டர்ல போடுவாங்க, ஜனம் தேடிப்போய் வரிசையில நிக்கும். அமெரிக்காவுல வண்டிச் சாப்பாட்டுக்கே ஒரு மவுசு வந்ததுல அந்த வண்டிக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்களும் தினம் ஒரு இடம் மாத்தி இன்ஸ்டாகிராம்ல போடலாமே? இன்னைக்கு அமெரிக்கன் காலேஜ் பக்கம், நாளைக்கு இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் பக்கம்னு.

இன்னொண்ணும் உண்டு. அங்க கவுண்டி, அதாவது மாவட்டம் மாதிரி, அதோட சுகாதாரத் துறை வண்டியைச் சோதிச்சு ஏ, பி, சின்னு எழுத்துப் போட்ட அட்டை குடுக்கும். அதை எல்லாரும் பார்க்கிற இடத்துல ஒட்டணும். தெரியாத நாட்டுச் சாப்பாடா இருந்தாலும் ‘ஏ’யைப் பார்த்தா ஜனம் துணிஞ்சு வாங்கும். நம்ம ஊர்ல அந்த எழுத்து கிடையாது, ஆனா உணவுப் பாதுகாப்புத் துறையில பதிவு பண்ணின சான்றிதழ் இருக்கும் இல்லையா, அதை உள்ள பெட்டியில பூட்டி வைக்காம முன்னாடி மாட்டுங்க.

ஒத்தக்கடை மெக்கானிக்:

வண்டி விஷயம் மட்டும் சொல்றேன். சரக்கு வண்டியை இப்படி மாத்துறதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேணும், 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஆர்.சி.யில ஏத்தாம ஓட்டினா இன்சூரன்ஸும் கை குடுக்காது. தெருவோர வியாபாரிகளுக்கு 2014 சட்டப்படி மாநகராட்சி அடையாள அட்டை தருது, எங்க நிறுத்தலாம்ங்கிறதையும் அங்கேயே கேட்டுக்கங்க. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை வண்டியில வைக்கக்கூடாது, கடைக்குன்னு இருக்கிற 19 கிலோதான். தீயணைப்பான் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும்.

வாடிக்கையாளர் பக்கமும் ஒண்ணு உண்டு. ஜெனரேட்டர் வைக்காதீங்க. நான் கட்டிக்குடுத்த வண்டியில ஒருத்தர் வெச்சார். அந்தச் சத்தத்துல ஆர்டர் காதுல விழாது, டீசல் புகை சாப்பாட்டு வாசத்தை அமுக்கிரும், பேசிக்கிட்டே சாப்பிட வந்த ஜனம் வாங்கின கையோட கிளம்பிரும். உங்களுக்கு அடுப்புல சூப்பு கொதிக்கணும், நாலு எல்.இ.டி. விளக்கு எரியணும், அவ்வளவுதானே? நல்ல பேட்டரி ஒண்ணும் இன்வெர்ட்டரும் தாராளமாப் போதும். விளக்கு மஞ்சளும் இல்லாம நீலமும் இல்லாம வெள்ளையா இருக்கட்டும். நீல வெளிச்சத்துல அந்த மஞ்சள் நூடுல்ஸ் பச்சையடிச்சுத் தெரியும்.

வடக்கு மாசி வீதி வாசகர்:

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். சைவம். புதிய உணவுகளைச் சாப்பிட்டுப் பார்ப்பதில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு. ஆனால் இத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் என்னால் சாப்பிட முடிவதில்லை. உணவு சைவமா என்று கேட்டால் "சைவம்தான் சார்" என்கிறார்கள். அடுத்த நிமிடமே முட்டையைத் தொட்ட அதே கையால் என் தட்டை எடுக்கிறார்கள்.

அத்தோவில் அடிப்படையாக அசைவம் ஏதும் இல்லை என்று உங்கள் குறிப்பிலிருந்து தெரிகிறது. மதுரையில் இது பெரிய வசதி. செவ்வாய், வெள்ளி, புரட்டாசிச் சனி, கார்த்திகையில் மாலை போட்டவர்கள் என்று எத்தனையோ நாட்கள் அசைவத்தைத் தள்ளிவைக்கும் ஊர் இது. அந்த நாட்களில் உங்கள் வண்டிக்குத்தான் கூட்டம் வர வேண்டும். ஆனால் மொய்ங்கா பர்மாவில் மீன் குழம்பில் செய்யப்படுவது. அதை அறிந்தவர்கள் இங்கும் இருக்கிறார்கள். உங்கள் சூப்பில் மீன் இல்லையென்றால் பலகையில் தெளிவாக எழுதுங்கள். முட்டைக்குத் தனி மேசை, தனிக் கத்தி, தனி ஆள் வையுங்கள். தனி ஆளுக்கு வழியில்லையென்றால், முட்டையைத் தொட்டபின் எங்கள் கண்ணெதிரில் கை கழுவுங்கள். அது போதும். எங்களுக்குத் தேவை சத்தியம் அல்ல, பார்க்க ஒரு வாய்ப்பு.

வில்லாபுரம் பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, பாடி கட்டுறவர்கிட்ட இன்னைக்குக் காலையிலேயே போய்க் கவுண்டரைத் தாழ்த்தச் சொல்லிட்டேன். ஆசிரியர் ஐயா, சூப்புல மீன் கிடையாது. அப்பத்தா ஊர்ல இருந்தப்போ மீன் போட்டுத்தான் செஞ்சிருக்காங்க, இங்க வந்ததும் வாழைத்தண்டு மட்டும்தான். பலகையில எழுதிடுறேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, கைக்கு உறை போடணுமா? அப்பத்தா "உறை போட்டுப் பிசைஞ்சா உப்பு, புளி எது தூக்கலா இருக்குன்னு கைக்கு எப்படித் தெரியும்"னு சத்தம் போடுறாங்க. ரெண்டாவது, ருசி. என் கூட்டாளி "கொஞ்சம் டொமேட்டோ சாஸ் ஊத்து, காலேஜ் பசங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க"ங்கிறான். இன்னொரு பக்கம் பர்மாவுல இருந்து வந்த பெரியவங்க, பழைய முறைப்படி கூனி இறாலைப் புளிக்கவெச்ச விழுது கொஞ்சமாவது சேர்க்கணும்ங்கிறாங்க. யார் பேச்சைக் கேட்கிறது?

சம்பல் வண்டி அக்கா:

தம்பி, அப்பத்தா சொல்றது நியாயம். ஆனா அவங்க வீட்ல பேரப்பிள்ளைக்குப் பிசையுறாங்க. ரோட்டுல நிக்கிறவருக்கு உங்க கை யாரோ ஒருத்தர் கை. அதனால உறை போடுங்க. அதுக்காகக் கரண்டிக்கு மட்டும் போயிராதீங்க. முட்டைக்கோஸை விரலால அமுக்கினாத்தான் புளித்தண்ணி உள்ள இறங்கும், கரண்டியில கிண்டினா மேலோட்டமா ஒட்டிக்கிட்டு நிக்கும். உப்பு, புளி அளவைச் சின்னக் கரண்டி வெச்சு அப்பத்தா கையால ஒருதடவை அளந்து குறிச்சு வெச்சுக்கங்க. இந்த உறை விஷயத்துல ஒண்ணைக் கண்டிப்பாச் சொல்லணும். உறை போட்ட கையால காசு வாங்கி, சிலிண்டரைத் திருகி, மறுபடி அதே கையால பிசையுற வண்டிகளைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். பார்க்கிற ஜனமும் பார்க்குது. காசுக்கு வேற ஆள் இருக்கணும், இல்லேன்னா ஜிபே அட்டையை வெளிப்பக்கம் மாட்டிட்டுச் சில்லறைக்கு ஒரு டப்பா வெச்சிருங்க. குழாய் வெச்ச தண்ணி டிரம்மும் சோப்பும் வண்டியோட முன்பக்கம் இருக்கட்டும். சாப்பிடுறவங்களும் அதுலயே கை கழுவட்டும்.

டொமேட்டோ சாஸ் வேணாம். ஒரேயடியாச் சொல்றேன், வேணாம். அதை ஊத்தினா உங்க அத்தோ ஃபிரைடு ரைஸ் வண்டியில கிடைக்கிற நூடுல்ஸுக்கு ஒரு ஏழைத் தம்பி ஆயிரும். அப்புறம் உங்களைத் தேடி ஏன் வரணும்? புளிப்பு உங்க சரக்கோட உயிர், அதைக் குறைக்காதீங்க. உறைப்பை மட்டும் அவங்கவங்க கைக்கு விட்டுருங்க. மிளகாய்த்தூளைக் கம்மியாப் போட்டுப் பிசைஞ்சு, வறுத்த மிளகாய் எண்ணெயைப் பக்கத்துல வையுங்க. பிள்ளைங்களுக்குப் பேஜோ கூடுதலா நொறுக்கிப் போட்டா அதுக்காகவே தின்னுரும்.

பழைய ஆளுங்க சொல்றதையும் தள்ளிராதீங்க. எங்க வண்டிக்கு ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்றவங்க முதல் நாளே கேட்டுட்டாங்க, "சம்பல்ல மாசி போடலையா?"ன்னு. மாலத்தீவுப் பக்கத்து மாசிக்கருவாடு, அதை இடிச்சுப் போட்டாத்தான் அவங்களுக்கு அது சம்பல். ஆனா கருவாட்டு வாசம் தெரியாத மதுரைக்காரர் ஒரு வாய் வெச்சதும் தட்டைத் தள்ளிருவார், சைவக்காரங்க பக்கத்துலயே வரமாட்டாங்க. நாங்க மாசியைத் தனி டப்பாவுல மூடி வெச்சிருக்கோம். கேட்டவங்களுக்கு அவங்க கண் முன்னாடி தனி உரல்ல இடிச்சுச் சேர்ப்போம். இப்ப மதுரைக்காரங்கள்லயே சிலபேர் பக்கத்துத் தட்டைப் பார்த்துட்டு, "எனக்கும் அது போட்டுத் தாங்க"ன்னு கேட்கிறாங்க. உங்க இறால் விழுதுக்கும் அதே வழிதான், ஆனா மூடி நல்லா இறுக்கமா இருக்கணும், கரண்டி தனியா இருக்கணும். சிவகங்கை, காரைக்குடிப் பக்கம் பர்மாத் தேக்குல வீடு கட்டின காலத்து ஆளுங்களோட வாரிசுங்க இன்னும் இருக்காங்க. அதுல ஒருத்தர் உங்க வண்டிக்கு வந்து, "எங்க ஐயா ரங்கூன்ல இதைத்தான் சாப்பிட்டதாச் சொல்வார்"னு நின்னு சாப்பிட்டா, சுத்தி நிக்கிற அத்தனை பேருக்கும் உங்க மேல நம்பிக்கை வந்துரும். அந்த ஆளுக்கு அவர் கேட்கிற ருசி உங்ககிட்ட இருக்கணும்.

கலிஃபோர்னியாத் தம்பி சொன்ன சான்றிதழ் யோசனை ரொம்பச் சரி. தினம் ஒரு இடம்ங்கிறதை மட்டும் என்னால ஒத்துக்க முடியலை. அங்க ஜனம் போனைப் பார்த்துட்டுக் காரை எடுத்துக்கிட்டு வருது. இங்க நித்யா மாதிரி ஆளுங்க வீட்டுக்குப் போற வழியில நிறுத்துறாங்க. நேத்து சாப்பிட்டவங்க இன்னைக்கு வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வந்து, அங்க வண்டி இல்லேன்னா உங்களுக்குப் புது ஆள் ரெண்டு பேர் நஷ்டம். ஒரே இடம், ஒரே நேரம். லீவு விட்டா முந்தின நாளே அட்டையில எழுதித் தொங்கவிடுங்க. தெப்பக்குளத்துல சாயங்காலம் குடும்பமா வந்து உக்கார்ற கூட்டம், அவங்களுக்கு நேரம் இருக்கு, பேசுவாங்க, கேட்பாங்க. 80 அடி ரோட்டுல வேகம் ஜாஸ்தி. புதுப் பண்டத்துக்கு நேரம் இருக்கிற கூட்டம்தான் நல்லதுன்னு எனக்குப் படுது. ஒரு வாரம் சாயங்காலம் ரெண்டு இடத்துலயும் சும்மா போய் நின்னு பாருங்க.

அரைத் தட்டுப் போடுங்க, இது ரொம்ப முக்கியம். முழுத் தட்டு 80 ரூபாய்னா அரைத் தட்டு 45-க்கு வையுங்க. சிலர் ஓசியில ஒரு வாய் ருசி பார்க்கக் குடுப்பாங்க. எனக்கு அதுல விருப்பமில்லை. ஓசியில வாங்கினவருக்குப் பிடிக்காட்டியும் வாங்கியே ஆகணும்ங்கிற சங்கடம் வரும், அந்தச் சங்கடத்தோட வாங்கினவர் திரும்ப வரமாட்டார். அரைத் தட்டுக்குக் காசு குடுத்துட்டா மனுஷன் நிமிர்ந்து நிப்பார், பிடிச்சாப் பிடிச்சதுன்னும் இல்லேன்னா இல்லைன்னும் முகத்துக்கு நேராச் சொல்லுவார்.

கடைசியா, வெயில். சித்திரை வைகாசியில நம்ம ஊர்ல 40 டிகிரியைத் தாண்டும். எங்க சொதிக்குத் தேங்காய்ப் பால் மதியம் எடுத்தா சாயங்காலம் திரிஞ்சுரும், அதனால வண்டிக்கு வந்துதான் பிழியுறோம், எட்டு மணிக்கு மறுபடி ஒருதடவை. உங்களுக்கு அவிச்ச நூடுல்ஸும் அரிஞ்ச கோஸும்தான் ஆபத்து. எல்லாத்தையும் வீட்லயே அவிச்சு எடுத்துட்டு வராதீங்க, நாலு தவணையாப் பிரிச்சு அவிங்க. கோஸை ஐஸ் பெட்டியில வெச்சு வேணுங்கிறப்போ மட்டும் எடுங்க. புளியைக் கேன் தண்ணியில கரைங்க. சூப்பு அடுப்பை விட்டு இறங்கவே கூடாது. மீந்த நூடுல்ஸை மறுநாளைக்கு வைக்காதீங்க. முதல் ரெண்டு மாசம் கம்மியாவே போடுங்க, ஒன்பது மணிக்குத் தீர்ந்தாலும் பரவாயில்லை. தீர்ந்துபோச்சுன்னா "நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க, எடுத்து வைக்கிறேன்"னு சொல்லிப் பேரை எழுதிக்கங்க. வந்தாங்கன்னா அந்தத் தட்டை முதல்ல குடுங்க.